வாசகர் கேள்வி: முத்தம் மேல்நாட்டுச் சரக்கா?

கேள்வி: மூன்று வயது மகனைப் பள்ளிக்கு அனுப்பும்போது கன்னத்தில் முத்தம் கொடுப்பேன். “இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்” என்று மாமியார் முகம் சுளிக்கிறார். நம்மவர்களிடம் முத்தமே இருந்ததில்லையா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: தூத்துக்குடியிலிருந்தா இந்தக் கேள்வி, அம்மா! பக்கத்துத் திருச்செந்தூருக்கே போவோம். முருகனைக் குழந்தையாக வைத்துப் பகழிக்கூத்தர் பாடிய திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழில் தாய் முருகனிடம் முத்தம் கேட்கிறாள். வலம்புரிச் சங்கு கரையேறி மணலில் ஈன்ற முத்துக்கு விலை உண்டு; யானைக் கொம்பில் விளைந்ததற்கு விலை உண்டு; நெற்கதிர் முத்துக்கும் உண்டு; மேகம் தரும் முத்துக்கும் மதிப்புச் சொல்லிவிடலாம்; “உன் கனிவாய் முத்தந் தனக்கு விலையில்லை முருகா, முத்தந் தருகவே!” பழந்தமிழில் முத்தம் என்றால் முத்து என்றும் பொருள். முத்துக் குளித்த உங்கள் கடலுக்கு இதைவிடப் பொருத்தமான சிலேடை ஏது?

பிள்ளைத்தமிழின் 10 பருவங்களில் 5ஆவது முத்தப் பருவம். அதில் தாய் முத்தம் கொடுப்பதில்லை, கொடு என்று கெஞ்சுகிறாள். பதினோரு மாதப் பிள்ளை எச்சில் வழியத் திறந்த வாயோடு நம் முகத்தில் வந்து மோதுமே, அதற்காகத்தான் அத்தனை பாட்டும்.

காதலர் முத்தமும் புதிதில்லை. அவள் பல்லில் ஊறிய நீர் பாலும் தேனும் கலந்தது போல என்கிறது 1121ஆம் குறள். மெசபடோமியக் களிமண் பலகைகளில் சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன்பே உதட்டு முத்தம் பதிவாகியிருக்கிறது. ஆகவே வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்பது சரியில்லை.

ஆனாலும் உங்கள் மாமியார் சொல்வதை நான் தள்ளமாட்டேன். நம் பெரியவர்கள் பலருக்கு முத்தம் உதட்டில் இல்லை, மூக்கில் இருந்தது. உச்சி முகர்தல் என்பது அதுதான். என் ஆச்சி ஒருநாளும் என் கன்னத்தில் முத்தமிட்டதில்லை. விடுமுறை முடிந்து நான் பஸ் ஏறும்போது ஐந்து விரலையும் குவித்து என் மோவாயைத் தொட்டு, அந்த விரல்களைத் தன் வாயில் ஒற்றிக்கொள்வாள். பிறகு என் தலையை இழுத்து, நல்லெண்ணெயும் வேர்வையும் மணக்கும் உச்சியில் ஒரு நீண்ட மூச்சு. பஸ் ஹாரன் அடித்தாலும் விடமாட்டாள்.

இன்று பேரன் பள்ளியிலிருந்து வந்ததும் மாமியார் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தலையை மோந்தாரானால் அவரும் முத்தம்தான் கொடுக்கிறார். கன்னம் உங்களுக்கு இருக்கட்டும். உச்சியை அவருக்கு விட்டுவிடுங்கள்.