ஹெட் கேஸ்கெட் கசிவதை எப்படி உறுதி செய்வது?

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஏறும்போது இன்ஜின் சூடாகிறது, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வாரந்தோறும் குறைகிறது, ஆனால் வண்டிக்குக் கீழே ஒரு சொட்டுகூட இல்லை என்கிறீர்கள். இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க இது போதிய காரணம்தான். ஆயினும் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் ரேடியேட்டர் மூடியையும் வாட்டர் பம்ப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

காலையில் இன்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது (சூடாக இருக்கையில் ஒருபோதும் வேண்டாம், கொதிநீர் முகத்தில் பீறிடும்) ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். அடைபட்ட காற்றினால் தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு. அவை நிற்காமல், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பெருகினால், சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது என்று கொள்ளலாம். இதை உறுதிப்படுத்த, ரேடியேட்டர் வாயில் பொருத்தும் சோதனைக் குழாயிலுள்ள நீலத் திரவம் பெட்ரோல் வண்டியில் மஞ்சளாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள். நான் பெரிதும் நம்புவது இந்தச் சோதனையைத்தான். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் கம்ப்ரஷன் (உள்ளே உருவாகும் அழுத்தம்) குறைந்திருந்தால், அவற்றுக்கு இடையில் கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆயில் மூடியின் அடியில் பால்காபி நிறத்தில் ஒட்டியிருக்கும் பிசுக்கை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். நாகர்கோவிலுக்குள்ளேயே சிறு தூரம் ஓடும் வண்டியில், மழைக்காலத்தில், உள்ளே ஈரம் படிந்தும் அது உண்டாகும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்தால் வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்லுங்கள்.

கழற்றிய ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்காமல் புதிய கேஸ்கெட்டைப் பொருத்த விடாதீர்கள். என் வண்டியில் அதைப் பார்க்காமல் விட்டதால் மூன்றே மாதத்தில் மறுபடியும் கசிந்தது.