கோயில் திறந்தாச்சு, ஆள் எங்கே?

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குப் பேரவையில் நானும் ஒரு உறுப்பினர். கொரோனா வந்து இரண்டு வருடம் கழித்து இந்த 2022 ஆகஸ்டில்தான் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவுக்கு மக்களை விட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து வேன் வேனாகப் போனார்கள். ஆனால் அடுத்த ஞாயிறு எங்கள் கோயிலில் பாதி பெஞ்சு காலி. கேட்டால், "டிவியில் பூசை கண்டுவிட்டோம்" என்கிறார்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான், முட்டுவலி வேறு. டிவி பூசை நேரில் பங்கெடுப்பதற்கு ஈடாகாது என்று 2020-லேயே வத்திக்கானிலிருந்து கர்தினால் சாரா எழுதினார் அல்லவா? அதை அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கலாம் என்று பேரவையில் யோசிக்கிறோம். கொரோனா நம் சனங்களின் விசுவாசத்தையும் கொண்டுபோய்விட்டதா அண்ணே?

அ., தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள தம்பி,

விசுவாசம் போயிருந்தால் பனிமய மாதாவுக்கு வேன் பிடித்திருப்பார்களா?

கர்தினால் சொன்னது சரிதான். ஆனால் அந்தக் கடிதத்தின் தலைப்பே 'மகிழ்ச்சியோடு நற்கருணைக்குத் திரும்புவோம்' என்பது. அதை நோட்டீஸாக்கி வாசலில் நீட்டினால் கரண்ட் பில் வந்த மாதிரி இருக்கும். வாங்கி ஜன்னலில் செருகிவிட்டுப் போய்விடுவார்கள்.

சனங்களும் கொஞ்சமாகவா அலைக்கழிந்தார்கள்? 2020 மார்ச்சில் கோயிலைப் பூட்டினோம். கிராமத்துச் சின்னக் கோயில்கள் ஜூலையிலும் பெரியவை செப்டம்பரிலும் திறந்தன. 2021 ஏப்ரலில் மறுபடி பூட்டு, ஜூலையில் திறப்பு. அப்புறம் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் கூடாது என்று ஒரு உத்தரவு. அக்டோபரில் போன அது 2022 ஜனவரியில் திரும்ப வந்தது. செவ்வாய்க்கிழமை அந்தோணியாரைப் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை ஆண்டவரைப் பார்க்க முடியாது! ஞாயிறு பூசை கடன், தவறக் கூடாத கடமை என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்களிடம், கடன் இல்லை, வீட்டிலேயே இருங்கள் என்று நாம்தானே சொன்னோம். இப்போது திரும்பவும் கடன் என்றால் உடனே ஓடிவருவார்களா?

எங்கள் பங்கிலும் இதே கதைதான். அன்பியக்காரர்கள், அதாவது பங்கின் சிறு குடும்பக் குழுவினர், வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு பாட்டி வராததற்குக் காரணம், நன்மையை, அதாவது நற்கருணை அப்பத்தை, கையில் கொடுப்பது. "மீன் அறுத்த கை சாமி, எத்தனை சோப்பு போட்டாலும் கவிச்சி போகாது. இதிலயா ஆண்டவரை வாங்குறது?" என்றார். வாழ்நாள் முழுக்க நாவில் வாங்கியவர். கையில் வாங்குவதும் மரியாதைதான் என்று பீடத்திலிருந்து பலமுறை விளக்கியிருந்தார்கள். அதைக் கேட்க அவர் கோயிலில் இருந்தால்தானே!

இன்னொரு குடும்பத்துக்குக் கோயில் வரி பாக்கி. தொழிலுக்குப் போகாத மாதங்களில் கட்டவில்லை, அது சேர்ந்துவிட்டது. பூசைக்கு வந்தால் யாராவது நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்களோ என்று பயம். இதை எந்த மனிதனும் வாய்விட்டுச் சொல்லமாட்டான். "டிவியில் பூசை கண்டோம்" என்றுதான் சொல்வான். உங்கள் பேரவையில் அந்த இரண்டு வருட வரியைத் தள்ளுபடி செய்துவிட்டு, அதைப் பூசையில் வாசியுங்கள். உங்கள் நோட்டீஸைவிட அதற்கு ஆள் வரும்.

கொரோனா நேரத்தில் இறந்தவர்களின் வீடுகள் தனி. நாலு பேர் தூக்கிக்கொண்டு போய், பாட்டு இல்லை, மணி இல்லை, ஊர் வந்து ஒரு பிடி மண் போடவில்லை. அந்த வீட்டுக்காரர்களுக்கு நம் மேல் கோபம் இருக்கிறது. இருக்கத்தான் செய்யும். எங்கள் பங்கில் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, அந்தக் காலத்தில் செத்தவர்கள் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பூசை வைத்தோம். ஒரு பெண் கணவனின் பெயர் வந்ததும் எழுந்து நின்றுகொண்டார். பின்வரிசையில் இருந்தவர்களும் எழுந்தார்கள். அவர் அடுத்த ஞாயிறும் வந்தார். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன்.

இளைஞர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அவர்கள் முன்பும் வெளியே பைக்கில் சாய்ந்துகொண்டுதான் பூசை கண்டார்கள்.

யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். ஏறக்குறைய முப்பது வருடம் பூசை இல்லை, வீட்டுச் செபம்தான். 1687-ல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேர்ந்தார். 2015-ல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்தாரே, அவர்தான். யார் கத்தோலிக்கர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார் என்பார்கள். செபமாலையைப் பார்த்து யார் முகம் மாறுகிறதோ அந்த வீடு. அப்படித்தான் யாழ்ப்பாணத்துச் சில்லாலை கிராமத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. முப்பது வருடம் ஏன் பூசை காணவில்லை என்று அவர் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

நீங்களும் வீடு வீடாகப் போகத்தான் போகிறீர்கள், நல்லது. வெறுங்கையோடு போங்கள். காப்பி கொடுத்தால் குடியுங்கள், வரி நோட்டைக் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம் அம்மா. முட்டுவலிக்காரரை இழுத்துக்கொண்டு வராதீர்கள். மாதத்தின் முதல் வெள்ளிக்கு நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகும்போது உங்கள் வீட்டையும் சேர்க்கும்படி பங்குச்சாமியாரிடம் இந்த வாரமே சொல்லிவையுங்கள். டிவி அது பாட்டுக்கு ஓடட்டும்.