டீமையே மூடிவிட்டால் என் பையன் என்ன செய்வான்?

அன்புள்ள அம்மாவுக்கு,

"பந்தயக் கார் டீமில்தான் வேலை பார்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். இன்றைக்கு இருக்கிற டீம் நாளைக்கு இருக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லாமல் போகலாம். உங்கள் பயம் நியாயமானதுதான். அதற்காக அவனைப் பிடிக்காத கோர்ஸில் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பையன் சுவரில் ஆல்ஃபா ரோமியோ என்ற இத்தாலியக் கம்பெனியின் 33 என்ற பந்தயக் கார் படத்தை ஒட்டி வைத்திருக்கிறான் என்றீர்களே, அந்தக் காரைச் செய்த ஆட்டோடெல்டா டீமே இன்று இல்லை. அதன் கதையையே சொல்கிறேன்.

அந்த டீமின் மூளை கார்லோ கிட்டி என்ற பொறியாளர். பீசா பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது விமானப் பொறியியல், ஆட்டோமொபைல் அல்ல. இதை மனதில் வையுங்கள். 1961-இல் ஃபார்முலா ஒன் என்ற உச்சப் பந்தயத்தில் ஃபெராரிக்கு உலகப் பட்டம் வாங்கித் தந்த கார் அவர் கைவண்ணம். அந்த ஆண்டு முடிவதற்குள் நிர்வாகத்தோடு தகராறு. மூத்தவர்கள் பலர் கூண்டோடு வெளியேறினார்கள், கிட்டியும்தான். ஏ.டி.எஸ். என்ற புதுக் கம்பெனியை நம்பிப் போனார். 1963 ஃபார்முலா ஒன்னில் அது மண்ணைக் கவ்வியது. அதே 1963-இல் இத்தாலியின் உதினே நகருக்குப் பக்கத்தில் லுடோவிகோ கிட்ஸோலாவோடு சேர்ந்து ஆட்டோடெல்டாவைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது ஆல்ஃபாவின் பந்தயப் பிரிவாகவே மாறி, மிலான் ஓரத்துக்கு இடம்பெயர்ந்தது.

1971-இல் ஆல்ஃபா 33 கார்களுக்கு பிராண்ட்ஸ் ஹாட்ச், டார்கா ஃப்ளோரியோ, வாட்கின்ஸ் க்ளென் என்று மூன்று பெரிய பந்தயங்களில் வெற்றி. 1975-இல் ஏழு பந்தயங்களில் வெற்றி, கூடவே உலகப் பட்டம். 1977-இல் எட்டுப் பந்தயங்களில் எட்டும். அந்த ஆண்டு எதிரில் பலமான ஆள் இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

சரிவு எங்கே தொடங்கியது? என்னைக் கேட்டால், ஜெயித்துக் கொடுத்த அந்த எஞ்சினிலேயே. 12 சிலிண்டர்களும் இடம் ஆறு, வலம் ஆறாகப் படுத்திருக்கும். எடை தரையோடு தாழ்ந்திருப்பதால் வளைவுகளில் கார் அவ்வளவாகச் சாயாது. அதே குடும்பத்து எஞ்சினைத்தான் ஃபார்முலா ஒன்னில் பிராபம் டீமும் வாங்கி ஓட்டியது. 1977, 78-இல் லோட்டஸ் டீம் ஒரு புதுவழி கண்டது. காரின் அடியில் இரண்டு பக்கமும் குகைபோல் வழி விட்டால், அதில் காற்று வேகமெடுத்து, அழுத்தம் குறைந்து, கார் தரையோடு இழுபடும். அந்தக் குகை இருக்க வேண்டிய இடத்தில்தான் ஆல்ஃபாவின் சிலிண்டர்கள் காலை நீட்டிப் படுத்திருந்தன. கிட்டி சளைக்காமல் சில மாதங்களிலேயே ஒடுங்கிய 'வி' வடிவ எஞ்சின் ஒன்றைச் செய்து கொடுத்தார். ஆனாலும் 1979 முதல் 1985 வரை ஆல்ஃபா சொந்தப் பெயரில் ஓடியும் ஃபார்முலா ஒன்னில் ஒரு வெற்றிகூட இல்லை. 1980-இல் சோதனை ஓட்டத்தில் அதன் ஓட்டுநர் பத்ரிக் தெபாய்யே உயிரிழந்தார். தாய்க் கம்பெனியான ஆல்ஃபா ரோமியோ அரசுக்குச் சொந்தமானது, நஷ்டத்தில் தவித்தது. 1986-இல் ஃபியட் கார் கம்பெனி கைக்குப் போனது.

அதற்கு முன்பே, 1984-இல், கிட்டி வெளியே வந்துவிட்டார். வயது ஏறக்குறைய 60. நொவாராவில் மோத்தோரி மொடெர்னி என்ற எஞ்சின் பட்டறையைத் திறந்தார். அடுத்த ஆண்டே மினார்டி டீமின் காரில் அவருடைய டர்போ எஞ்சின் ஓடியது. பெரிதாக ஜெயிக்கவில்லை. ஆனால் அவர் வேலையில்லாமல் உட்காரவில்லை. ஃபெராரியில் தொடங்கி, பிறகு மசெராட்டி, லம்போர்கினி என்று மாறிய இன்னொரு பொறியாளர் ஜான் பாவ்லோ தல்லாராவைப் பாருங்கள். 1972-இல் சொந்த ஊரில் அவர் தொடங்கிய கம்பெனிதான் இன்று அமெரிக்க இண்டிகார் பந்தயத்துக்கு சேஸி, அதாவது காரின் உடற்கூடு, கொடுக்கிறது. அவர் படித்ததும் விமானப் பொறியியல்தான்.

ஆகவே பையனுக்கு முதலில் மெக்கானிக்கல் அல்லது ஏரோநாட்டிக்கல் பி.இ. 'மோட்டார் ஸ்போர்ட்ஸ்' என்று பளபளப்பாகப் பெயர் வைத்த டிப்ளமோவுக்கு லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். காலேஜைப் பார்க்கப் போகும்போது ஒன்றை விசாரியுங்கள்: ஃபார்முலா பாரத் போட்டிக்கு மாணவர்களே கார் கட்டும் டீம் அங்கே இருக்கிறதா? வெல்டிங், சஸ்பென்ஷன், டேட்டா எல்லாம் கையில் படிவது அந்த ஷெட்டில்தான்.

இத்தாலியை மேற்படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். எமிலியா-ரோமாஞ்ஞா மாகாணப் பல்கலைக்கழகங்கள் ஃபெராரி, லம்போர்கினி, தல்லாரா போன்ற கம்பெனிகளோடு சேர்ந்து 'முனெர்' என்ற பெயரில் முதுகலைப் படிப்பு நடத்துகின்றன, பாடம் ஆங்கிலத்தில். குடும்ப வருமானத்தைப் பார்த்து வெளிநாட்டு மாணவர்களுக்கும் அங்கே அரசு உதவித்தொகை உண்டு. இத்தாலிய மொழியை இப்போதே தொடங்கட்டும். பட்டறையில் மெக்கானிக்கோடு பேச ஆங்கிலம் போதாது.

அப்ளிகேஷனில் கையெழுத்துப் போடும் முன் பையனைக் கூப்பிட்டு, 1978-க்குப் பிறகு அந்தப் படுத்த எஞ்சின் ஏன் உதவாமல் போனது என்று உங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். தாளை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள், மேற்கொண்டு பேசுவோம்.