அப்டேட் நடுவே கரண்ட் போய்விட்டது, விண்டோஸ் 11 பூட் ஆகவில்லை: ஃபார்மட்தான் வழியா?

அவசரப்படாதீர்கள். பெங்களூரு அல்சூரில் யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்கிறீர்கள். பாதி சிஸ்டம் ஃபைல் புதுசு, மீதி பழசு என்று நின்றிருக்கும். போட்டோ, டாக்குமென்ட் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் வழியே போய், கடைசி குவாலிட்டி அப்டேட்டை (மாதாந்திரத் திருத்தங்கள்) நீக்கிப் பாருங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க கீ கேட்டால் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டை போனில் திறந்து தேடுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால், அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் இருக்கும் கமாண்ட் ப்ராம்ப்ட் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரை). பலர் கோட்டை விடுவது இங்கேதான். ரிப்பேர் திரை ஓடுவது எக்ஸ் டிரைவில். சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்கும் 'எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்' (sfc /scannow) கட்டளையை வெறுமனே அடித்தால் அது உங்கள் விண்டோஸைத் தொடாது. அதனுடன் ஆஃப்பூட்டிர் (/offbootdir), ஆஃப்வின்டிர் (/offwindir) இரண்டையும் சேர்த்து, விண்டோஸ் இருக்கும் டிரைவைக் காட்ட வேண்டும். அங்கே சி டிரைவ், டி என்று மாறியிருக்கலாம். 'டிர் சி:', 'டிர் டி:' (dir c:, dir d:) என்று அடித்து, விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எஸ்எஃப்சி 'ரிப்பேர் பெண்டிங்' என்று மறுத்தால், அதே டிரைவுக்கு டிஸ்ம் (dism) கமாண்டில், பாதியில் நின்ற அப்டேட்டைத் திரும்பப் பெறும் 'ரிவர்ட்பெண்டிங்ஆக்‌ஷன்ஸ்' (/cleanup-image /revertpendingactions) ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, திரும்ப எஸ்எஃப்சி.

எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைக்கே கொண்டுபோவதானாலும், டேட்டாவை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்த பிறகே ஃபார்மட் போடச் சொல்லுங்கள்.