ஆக்சிஜன் சென்சாரைக் கழற்ற எந்த ஸ்பேனர் வாங்கலாம்?

கேள்வி: என் பெட்ரோல் காரில் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேன் செய்ததில் பி0135 என்று வந்தது. ஆக்சிஜன் சென்சாரை (புகைக் குழாயில் திருகியிருக்கும், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் கருவி) நானே மாற்றலாம் என்றிருக்கிறேன். கடையில் ஒயர் நுழைவதற்காகப் பக்கவாட்டில் வெட்டு விட்ட 22 எம்எம் சாக்கெட் ஒன்றையும், ஏழு உருப்படி கொண்ட செட் ஒன்றையும் காட்டினார்கள். எதை வாங்குவது?

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன், சென்சார் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். பி0135 என்பது முன் சென்சாரை, அதாவது என்ஜினுக்கு அருகில் உள்ளதை, சூடாக்கும் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும்தான் சொல்கிறது. ஃப்யூஸ் போயிருந்தாலும், கனெக்டர் முள் பச்சை பூத்திருந்தாலும் இதே கோடு வரும். கனெக்டரைப் பிரித்து, சென்சார் பக்கத்து ஹீட்டர் ஒயர்கள் இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். நான்கு ஒயர் சென்சார்களில் பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டுதான் ஹீட்டருக்கானவை. சில ஓம்கள் காட்டினால் ஹீட்டர் கம்பி அறுந்துபோகவில்லை. ஃப்யூஸையும் ஒயரிங்கையும் சோதித்துப் பாருங்கள். ஓப்பன் (இணைப்பே இல்லை) என்று காட்டினால் சென்சாரை மாற்றத்தான் வேண்டும்.

அப்படி மாற்றுவதென்று முடிவானால், இரண்டுமே வேண்டாம். பழைய சென்சாரின் ஒயரை அதன் கழுத்தை ஒட்டி வெட்டிவிட்டு, சாதாரண 22 எம்எம் ஆழ சாக்கெட்டையோ, 20x22 ரிங் ஸ்பேனரையோ போடுங்கள். பெரும்பாலான கார் சென்சார்களின் மரை எம்18 (18 எம்எம் விட்டம்), பிட்ச் (மரை இடைவெளி) 1.5 எம்எம், அறுகோணத் தலை 22 எம்எம். முழு வளையம் ஆறு முகத்தையும் பிடிக்கும். வெட்டு விட்ட சாக்கெட்டில் ஒரு பக்கம் திறந்திருப்பதால், இறுக்கமான சென்சாரில் பலமாக இழுக்கும்போது வாய் விரிந்து, தலையின் முனைகளை மழுக்கிவிடும். முனை மழுங்கிய சென்சாரைக் கழற்றுவது மிகச் சிரமம்.

சாக்கெட் வாங்கினால் ஆறு முகம் உள்ளதாகப் பாருங்கள். பன்னிரண்டு முகம் வேண்டாம். துருப்பிடித்த தலையில் அது முனையை மட்டுமே பிடிக்கும். ஒயரை வெட்டிய பிறகும் சென்சாரின் உடல் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் சாக்கெட்டின் உள் ஆழம் முக்கியம். அரை அங்குல டிரைவும் (கைப்பிடி மாட்டும் சதுரத் துளை), முக்கால் முழ நீளத்துக்கு ஒரு பிரேக்கர் பாரும் (பலமாக இழுப்பதற்கான கைப்பிடி) இருந்தால் போதும்.

வெட்டுவதற்கு முன் புதிய சென்சார் கையில் இருக்க வேண்டும். கனெக்டர் வடிவம், ஒயர் நீளம், மரை மூன்றையும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கனெக்டர் இல்லாத பொது வகை சென்சார் வாங்கியிருந்தால் பழைய கனெக்டர் தேவைப்படும்; அதனால் அந்த முனையில் ஒயரை நீளமாக விட்டு வெட்டுங்கள். ஆனால் கனெக்டரோடு வரும் சென்சாரே நல்லது. பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை ஒயரின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. சால்டர் வைத்தால் அந்த வழி அடைபடும்.

கேள்வி: என் காரின் சைலன்சர் பைப்பை மாற்ற வேண்டும். பின் சென்சார் நன்றாக இருக்கிறது. அதைக் கழற்றிப் புதிய பைப்பில் போட வேண்டும். அப்போதும் ஒயரை வெட்டலாமா?

பதில்: கூடாது. வெட்டு விட்ட சாக்கெட்டின் வேலை இங்கேதான். முதலில் கனெக்டரைப் பிரித்து ஒயரைக் கிளிப்புகளிலிருந்து விடுவியுங்கள். இல்லையென்றால் சென்சாரோடு சேர்ந்து முறுக்கி அறுந்துவிடும்.

இவற்றில் இரண்டு வகை உண்டு. நீளமான வகையில் டிரைவ் துளை நேர் மேலே இருக்கும். விசை நேராக இறங்கும், தலை சாயாது. ஆனால் மேலே ராட்செட் வைக்க இடம் வேண்டும். குட்டையான வகையில் துளை பக்கவாட்டில் தள்ளியிருக்கும். மேனிஃபோல்டுக்கும் (என்ஜினில் புகை சேரும் குழாய்) ஃபயர்வாலுக்கும் (என்ஜின் அறையின் பின் தடுப்பு) நடுவே உள்ள நெருக்கடியில் அதுதான் நுழையும். இழுக்கும்போது சாக்கெட் சாய்ந்து வழுக்கப் பார்க்கும். இன்னொரு கையால் அதைத் தலையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். பின் சென்சாருக்கு அடியில் இடம் இருந்தால் நீளமானதையே வாங்குங்கள். சுவர் தடிமனாக இருக்கட்டும், வெட்டு ஒயர் நுழையும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும். 22 எம்எம் என்று பொறித்ததையே கேளுங்கள். 7/8 அங்குலம் என்றால் 22.2 எம்எம், துருவில் தேய்ந்த தலைக்கு அந்த 0.2 எம்எம் கூட அதிகம். இம்பாக்ட் கன்னை இதில் மாட்டவே வேண்டாம்: சாக்கெட் விரியும், சென்சாருக்குள் இருக்கும் செராமிக் உடையும்.

காருக்கு அடியில் படுப்பதானால் ஆக்ஸில் ஸ்டாண்டு போட்டே ஆக வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: அரைச் சுற்று கழன்று, பிறகு இறுகிப்போய் நகரவே மாட்டேன் என்கிறது. கைப்பிடியில் பெரிய குழாய் மாட்டி இழுக்கலாமா?

பதில்: இழுத்தால் பைப்பில் உள்ள மரை உரிந்து சென்சாரோடு வந்துவிடும். புகை படும் உள் பக்கத்து மரையில் கரியும் துருவும் சேர்ந்திருக்கும். வெளியே வரும்போது அதுதான் நல்ல மரையில் சிக்குகிறது. கால் சுற்று திரும்ப இறுக்குங்கள், துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள், மறுபடி கழற்றுங்கள். இப்படி முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவர வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை இது. கடலோர ஊர்க் கார்களில் இன்னும் கூடுதலாகவே.

இன்னும் தொடாத சென்சார் என்றால், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது முந்தின இரவே எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். காலையில் வழிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பைப் இளஞ்சூடாக இருக்கும்போது, தோல் கையுறை போட்டுக்கொண்டு கழற்றுங்கள். கொதிக்கும் சைலன்சரில் எண்ணெய் தெளித்தால் தீப்பிடிக்கும்.

கழன்ற பிறகு மரை கரகரவென்று இருந்தால் எம்18x1.5 டேப்பைக் (மரை வெட்டும் கருவி) கையாலேயே ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள். டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவிக்கொண்டால் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் பார்த்த ஏழு உருப்படி செட்டுகள் சிலவற்றில் இதற்கான மரை சீராக்கியும் சேர்ந்து வரும். எண்ணெய் அழுத்த ஸ்விட்சுக்கான சாக்கெட் போன்ற மற்றவை ஒரே ஒரு சென்சார் மாற்றுபவருக்குத் தேவையில்லை. மரை முழுதும் போயிருந்தால் பைப்பில் புதிய வாய் வெல்டு செய்யலாம். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு என்றால் லேத் பட்டறையில் கொடுத்து மரை இன்செர்ட் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: புதியதை எவ்வளவு இறுக்க வேண்டும்? மரையில் ஏதாவது தடவலாமா?

பதில்: எம்18 சென்சாருக்கு பொதுவாக 35 முதல் 45 நியூட்டன் மீட்டர், உங்கள் கார் கையேட்டில் வேறு இருந்தால் அதுவே சரி. முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். பல புதிய சென்சார்களில் மரையில் பசை ஏற்கெனவே தடவியிருக்கும். மேலே எதுவும் வேண்டாம். இல்லையென்றால் ஆன்ட்டி சீஸ் பசையை (மரை ஒட்டிப்போகாமல் காப்பது) மரையில் மட்டும் மெல்லத் தடவுங்கள், நுனியில் படக்கூடாது. சிலிக்கோன் சீலன்ட் அருகிலேயே வரக்கூடாது, அதன் ஆவியே சென்சாரைக் கெடுக்கும்.

துளை பக்கவாட்டில் தள்ளியிருக்கும் குட்டை சாக்கெட்டை டார்க் ரென்ச்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) நேர்கோட்டில் நீட்டி மாட்டினால் காட்டுவதை விட அதிகமாக இறுகும். செங்குத்தாகத் திருப்பி மாட்டுங்கள், கணக்கு மாறாது.

கேள்வி: இதே சாக்கெட் என் பிஎஸ்6 ஸ்கூட்டருக்கும் ஆகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. இருசக்கர வண்டிகளில் சென்சாரும் சிறிது, தலையும் சிறிது. வெர்னியரால் அளந்து அந்த அளவுக்கு வாங்குங்கள்.