‘கறுப்பினத் தேசிய கீதம்’ என்றால் என்ன? அமெரிக்காவுக்கு இரண்டு தேசிய கீதங்களா?

இல்லை, சட்டப்படி ஒன்றுதான். ‘லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்’ என்ற பாடலைக் கறுப்பின மக்கள் அன்போடு அழைக்கும் பெயர் அது. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் எழுத, அவர் தம்பி இசையமைத்தார். 1900-இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பள்ளியின் 500 குழந்தைகள் லிங்கன் பிறந்தநாளில் முதலில் பாடினார்கள்.

தனிப் பாட்டு எதற்கு? அடிமைத்தனம் ஒழிந்தும் பேருந்து, பள்ளி, வாக்குரிமை எல்லாவற்றிலும் ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தங்கள் வலியையும் நம்பிக்கையையும் சொல்ல ஒரு பாட்டு தேவைப்பட்டது. நாடு முழுக்கப் பாடும் கீதத்தில் அந்தக் கதை இல்லையே! அதுகூட 1931-இல்தான் சட்டப்படி தேசிய கீதமானது.

ஊர்க் கோயில் தேர் இழுப்பவர் தன் குலதெய்வத்தையும் கும்பிடுகிறார். அதனால் ஊரை விட்டு விலகிவிட்டார் என்று யாராவது சொல்வோமா?

2020-இல் அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகளில் ‘லிஃப்ட் எவ்ரி வாய்ஸ்’ பாடலைப் பாடியபோது ‘நாட்டைப் பிரிக்கிறார்கள்’ என்ற குரல் எழுந்தது. ஆனால் பாடலில் இனத்தின் பெயரே வராது. பிறந்த மண்ணுக்கு உண்மையாக இருப்போம் என்றுதான் அது முடிகிறது.