அங்கே ஊர்க்காரர், இங்கே சிங்கப்பூர்க்காரர்

அன்புள்ள ஆலோசகருக்கு,

வயது 37. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். சிங்கப்பூரில், புலாவ் உபின் தீவில், 11 வருடம் வெளிப்புறப் பயிற்சியாளராக இருந்தேன். பிள்ளைகளைக் கயாக் என்கிற துடுப்புப் படகு ஓட்டவைப்பது, கூடாரம் போடவைப்பது, அப்புறம் வட்டமாக உட்காரவைத்து நடந்ததைப் பேசவைப்பது. தீவுக்குப் போகும் சின்னப் படகு 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். அந்தக் காத்திருப்புகூட இப்போது ஏங்கவைக்கிறது.

அங்கே பிறந்த தமிழர்கள் என்னை 'ஊர்க்காரர்' என்பார்கள். கொஞ்சம் குத்தும். ஊருக்குத் திரும்பினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் போன வருடம் வந்துவிட்டேன். இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துகிறேன். போன மாதம் பிளாஸ்டிக் டிரம்மையும் மூங்கிலையும் கட்டி மிதவை செய்யச் சொன்னேன். "முடிச்சு போதுமா சார்?" என்று ஒரு பையன் கேட்க, "கேன் லா" என்று வாயில் வந்துவிட்டது. சிங்கப்பூர்ப் பேச்சில் 'சரிதான், போதும்' என்று அர்த்தம். "சார், நீங்க எந்த ஊரு?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டிலும் 'சிங்கப்பூர்க்காரர்' பட்டம்தான். நான் எந்த ஊர்க்காரன்?

- பெயர் வேண்டாம்

அன்பு நண்பருக்கு,

நம் பக்கம் 'எந்த ஊரு' என்று பெரியவர்கள் கேட்டால், அதற்குள் வேறு விசாரணையும் ஒளிந்திருக்கும். அந்தப் பையனுக்கு உங்கள் பேச்சு புதுசாக இருந்தது, அவ்வளவுதான்.

வெளிநாடு போனவர் தடுமாறுவது எல்லாருக்கும் தெரியும். திரும்பி வந்தவருக்கும் இன்னொரு சரிவு உண்டு என்று அமெரிக்க ஆய்வாளர்களான குல்லாஹார்ன் தம்பதி 1963-லேயே எழுதினார்கள். மனநிலையை வரைந்தால் ஆங்கில 'டபிள்யூ' எழுத்தைப் போல ஏறி இறங்கும் கோடு. நான் பார்த்தவரை இரண்டாவது சரிவில்தான் ஆட்கள் அதிகம் உடைகிறார்கள். அந்நிய ஊருக்கு மனசைத் தயார்செய்துகொண்டு போகிறோம். சொந்த ஊருக்கு யார் தயாராகிறார்கள்?

கல்வி அறிஞர் டேவிட் கோல்ப் 1984-ல் விளக்கிய, அனுபவத்திலிருந்து கற்கும் சுழற்சி உங்களுக்குத் தெரிந்ததே: அனுபவம், அதைத் திரும்பிப் பார்ப்பது, புரிந்துகொள்வது, மறுபடி முயல்வது. மிதவை கவிழ்ந்த உடனே பிள்ளைகளை அடுத்த மிதவை கட்ட அனுப்புவீர்களா? உட்காரவைத்துப் பேசவைப்பீர்கள். உங்கள் 11 வருடத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் உட்கார்ந்து பேசவில்லை. உங்களுக்கு இருப்பது ஓர் இடத்தை இழந்த துக்கம். 'அதான் வந்தாச்சே' என்கிற வீட்டாரிடம் அதைச் சொல்வது கஷ்டம். அங்கே கூட வேலை செய்த ஒருவரிடம் வாரம் ஒருமுறை போனில் பேசுங்கள், அந்த 'லா'வோடு. தூக்கமோ பசியோ இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

அடுத்த முகாமில், இதுவரை இருந்த ஊர்களைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அப்பா கேரளாவில் வேலை பார்க்கும் பிள்ளை ஒன்றிரண்டாவது இருக்கும். நடத்துபவராக நிற்காமல் நீங்களும் வட்டத்தில் உட்காருங்கள். முதல் ஆளாகப் பேசுங்கள். 12 பேர் சேரும்வரை கிளம்பாத அந்தப் படகிலிருந்து ஆரம்பிக்கலாம்.